ஒரே வீட்டில் இரண்டு வீக்கம்

திண்டிவனத்தில் சித்தி வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. செருப்பை வெளியே விட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மதியச் சாப்பாட்டு நேரம்தான், ஆனால் அடுப்படியிலிருந்து தாளிக்கிற வாசனை வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. கூடத்தில் பாயின் மேல் சித்தியின் பேரன் படுத்திருந்தான். ஆறு வயசு. இரண்டு பக்கமும் காதுக்குக் கீழே கன்னம் உப்பி, தாடை எலும்பின் விளிம்பே தெரியவில்லை. காது மடல்கள் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றன. கழுத்தில் பாட்டியின் தங்கச் சங்கிலி. "அத்தை, இது இனிமே என்னுது" என்று சொல்ல வாயைத் திறந்தவன் பாதியிலேயே முகத்தைச் சுளித்தான்.

பொன்னுக்கு வீங்கி. புட்டாளம்மை என்றும் சொல்வார்கள். பெயரில் பொன் இருப்பதாலோ என்னவோ, வீக்கம் கண்ட பிள்ளைக்குத் தங்க நகை போட்டுவிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். சங்கிலியால் வீக்கம் வடியாது, கெடுதலும் இல்லை. பிள்ளை மூன்று நாளாகக் காய்ச்சலில் முனகியும் ஒரு பாராசிட்டமால்கூடக் கொடுக்கவில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மனசு வலித்தது. "அம்மனுக்கு மாத்திரை குடுக்கக் கூடாதும்மா" என்றார் சித்தி. மோரும் இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்திருந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மெல்ல முடியாத பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

அவனைப் பார்க்கத்தான் போனேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சித்தியைப் பார்த்தேன்.

தட்டில் சோறும் பச்சைப்புளி ரசமும். புளியைக் கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கிள்ளிப் போட்டு, தாளிக்காமல் செய்தது. இரண்டாவது கவளம் போனதும் சித்தியின் இடது கை வலது தாடைக்கடியில் போய் அழுத்திக்கொண்டது. நான்காவது கவளத்தில் அந்தக் கை விலகியபோது தாடை எலும்புக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தூக்கியிருந்தது. என் கண்ணெதிரிலேயே அது ஏறியது. சித்தி தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"இவங்கிட்டேருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு பாப்பா."

"எப்பலேருந்து சித்தி?"

"ஐப்பசியில ஆரம்பிச்சுது."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மாசி மாதத்தில். பிள்ளைக்கு வீங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் கேட்டேன். காய்ச்சல் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் வீங்கும், ஒரு மணி ஒன்றரை மணி நேரத்தில் தானாக வடியும். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. புளிப்பு பட்டால் உயிர் போகிற வலி. சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறதா என்றால், ஏழாவது படிக்கும்போது வந்து பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லையாம். ஒருமுறை வந்தவர்களுக்கு அது மறுபடி வருவது மிக அரிது. இந்த நாலு மாதத்தில் மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மூன்று தடவை உள்ளே போயிருக்கிறது. பல்லால்தான் வீங்குகிறது என்று ஓர் இடத்தில் நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியும் விட்டார்கள். "எப்ப வீங்குது, எப்ப வடியுது?" என்று யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பல் இன்றைக்கு வாயில் இருந்திருக்கும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

திண்டிவனம் என்ற பேரே புளியால் வந்தது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடாக இருந்த ஊர். இங்குள்ள சிவன் பெயரும் திந்திரிணீஸ்வரர். புளி என்று சொன்னாலே வாயில் நீர் ஊறுகிறதே, அந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் ஒரு ஜோடி, கீழ்த்தாடைக்கு உள்பக்கம் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள். உதட்டிலும் அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. காதடிச் சுரப்பியின் குழாய் மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தில் திறக்கிறது. தாடைச் சுரப்பியின் குழாய் நாக்கை மேலே தூக்கினால் தெரியும் நரம்பு போன்ற மடிப்புக்குப் பக்கத்தில் திறக்கிறது. கண்ணாடி முன் நின்று, நாக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்; அந்தப் புள்ளியிலிருந்து நீர் எழும்புவது கண்ணுக்கே தெரியும்.

பேரனுக்கு வீங்கியிருந்தது காதடிச் சுரப்பி. காரணம் ஒரு வைரஸ். தும்மல், இருமல், எச்சில் பட்ட டம்ளர் வழியாகப் பரவி, உள்ளே போய் இரண்டரை வாரம் போல ஓசையில்லாமல் இருந்துவிட்டு வெளியே காட்டும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கி, வீங்கிய பிறகும் ஐந்து நாள் வரை தொற்றும். அதனால்தான் வகுப்பில் ஒருவனுக்கு வந்தால் வரிசையாக வருகிறது. இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, ஆன்டிபயாட்டிக் இதில் ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் எடைக்கேற்ற பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், குழைந்த சாப்பாடு, புளிப்பைத் தள்ளி வைப்பது, ஓய்வு. ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடாது. தலைவலியோடு விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, கடுமையான வயிற்று வலி, காது கேட்காமல் போவது, விரை வீக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் வேப்பிலையை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சித்தியிடம் இதைச் சொல்லி, மாரியம்மனும் பிள்ளை வலியில் துடிப்பதை விரும்ப மாட்டாள் என்று கெஞ்சி, அன்று சாயங்காலம் ஒரு ஸ்பூன் சிரப் கொடுக்க வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. சித்தியின் தாடையைக் காட்ட விடிகாலையிலேயே நானும் அவரும் விழுப்புரம் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முண்டியம்பாக்கம். 2010-ல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். ஓபி சீட்டு போட்டுக்கொண்டு காது மூக்கு தொண்டைப் பிரிவு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பக்கத்தில் இருந்தவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர், எழுபதை நெருங்கும் வயசு. வலது கன்னம் சிவந்து, தொட்டால் கொதித்தது. வாந்தி பேதி வந்து நாலு நாளாகச் சரியாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று மகள் சொன்னாள். உதடு வெடித்திருந்தது. மருத்துவர் அவரை முதலில் கூப்பிட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்தைக் காதிலிருந்து முன்பக்கமாக மெல்லத் தடவி அழுத்தினார். கதவோரம் நின்ற மகள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "பல்லுக்கு எதிர்ல சின்ன ஓட்டைலேருந்து சீழு வருதுக்கா." உடம்பில் நீர் வற்றினால் உமிழ்நீர் ஓட்டம் நின்றுவிடும், ஓட்டம் நின்ற குழாய் வழியாக வாயிலுள்ள கிருமி சுரப்பிக்குள் ஏறும். இங்கேதான் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை. அதோடு நரம்பில் குளுக்கோஸ், வாயைச் சுத்தமாக வைப்பது, கட்டியாகத் திரண்டுவிட்டால் கீறி வடிப்பது. அவரை உடனே வார்டுக்கு அனுப்பினார்கள். தகிக்கிற வெயிலில் உப்பு வாரும் மனிதர்கள் நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இன்னொருவர் ஐம்பது வயசுக்காரர், லாரி ஓட்டுபவர். காது மடலுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஓர் உருண்டை. ஆறு வருஷமாக இருக்கிறதாம். வலியில்லை. அதனால்தான் ஆறு வருஷம். மருத்துவர் அவரைக் கண்ணை இறுக மூடச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளேதான் புகுந்து ஐந்து கிளையாகப் பிரிகிறது. கட்டி இருக்கிற பக்கம் வாய் கோணினாலோ கண் மூடாமல் போனாலோ புற்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் அந்தச் சாதாரணக் கட்டியிலும் ஒரு வகை, வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் குணம் மாறக்கூடியது. மெல்லிய ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்குப் பிறகு ஆபரேஷன் என்றார்கள். "வலிக்கலையே டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். வலியோடு ஏறி இறங்குகிற வீக்கத்தைவிட, வலிக்காமல் ஒரே இடத்தில் நின்று வளர்வதற்குத்தான் நாம் முதலில் பயப்பட வேண்டும். ஊரில் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

சித்தியின் முறை வந்தது. சின்ன வயசு டாக்டரம்மா. "சாப்பிடறப்ப வீங்குதாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு ஒரு விரலை நாக்குக்கு அடியில் வைத்து, இன்னொரு கையால் தாடைக்குக் கீழே வெளியிலிருந்து தாங்கி, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "கல்லு இருக்கு. இங்கேயே கைக்குத் தட்டுப்படுது." சித்திக்குப் புரியவில்லை. "கிட்னிலதானம்மா கல்லு வரும்?"

வரும், எச்சில் குழாயிலும் வரும். சுரப்பிக் கற்களில் பத்தில் எட்டுக்கு மேல் தாடைச் சுரப்பியில்தான் வருகின்றன. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இந்தச் சுரப்பி கீழே இருக்கிறது, வாய் மேலே இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும். இதிலிருந்து சுரக்கும் எச்சில் கொஞ்சம் கொழகொழப்பானது, சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். தண்ணீர் குறைந்து ஓட்டம் மந்தமானால் படியத் தொடங்கும். படிந்தது வளரும். பிறகு புளியைப் பார்த்ததும் சுரப்பி ஊறும், வழி அடைத்திருக்கும். ஊறியது பின்னால் தேங்கிச் சுரப்பி உப்பும். ஒரு மணி நேரத்தில் கசிந்து கசிந்து வடியும். சித்தி நாலு மாதமாகக் கவளத்துக்குக் கவளம் அனுபவித்த வலிக்கு அந்தக் காகிதத்தில் இருந்த நாலு கோடு போதுமானதாக இருந்தது.

பல் பிரிவில் ஃபிலிமைக் கடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கருப்பில் வெள்ளையாக ஓர் அரிசி. தாடைச் சுரப்பிக் கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். காதடிச் சுரப்பிக் கற்கள் பாதிக்கும் மேல் தெரியாது, அவற்றுக்கு அல்ட்ராசவுண்டு வேண்டும். கல் ரொம்பச் சின்னதாக இருந்தால் தண்ணீர் நிறையக் குடித்து, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, பின்னாலிருந்து முன்னாகத் தடவிவிட்டு, எலுமிச்சைத் துண்டு சப்பினால் தானே வெளியே வந்துவிடுவதும் உண்டு. குழாய்க்குள் போகும் மெல்லிய கேமரா வழியாகவே கல்லைப் பிடித்து இழுக்கும் முறையும் பெரிய ஊர்களில் வந்திருக்கிறது. சுரப்பிக்கு உள்ளேயே கல் ஆழமாக இருந்து திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால் சுரப்பியையே எடுக்க வேண்டிவரும். சித்தியின் கல் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு நாக்குக்கு அடியிலேயே எடுத்துவிடலாம், வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள்.

கிளம்பும்போது டாக்டரம்மா சித்தியின் மாத்திரைக் கவரை வாங்கிப் பார்த்தார். அலர்ஜிக்கு என்று தினமும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார் சித்தி. அந்த வகை மாத்திரைகள் வாயை வறளச் செய்யும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படித்தான். சர்க்கரை நோயிலும், வருஷக்கணக்கான குடியிலும் காதடிச் சுரப்பிகள் இரண்டும் வலியில்லாமல் மெத்தென்று பெருத்துப் போவதுண்டு. வாயும் வறண்டு, கண்ணும் மணல் விழுந்தது போல உறுத்தி, மூட்டும் வலித்து, சுரப்பியும் வீங்கினால் அது வேறு கதை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிற நோய் அது. நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம். வெறும் தாடை வீக்கமாகப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

வியாழக்கிழமை நான் வெளியே காத்திருந்தேன். அரை மணி நேரத்துக்குள் நர்ஸ் ஒரு சின்னத் துணியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் பாய்ந்த வெள்ளை, சொரசொரப்பு, ஒரு பக்கம் கூர்மை. புழுங்கல் அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. எடுக்கும்போது கல் பின்னால் நழுவிவிடாதபடி அதற்குப் பின்புறம் குழாயைச் சுற்றி ஒரு நூல் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலே நீளவாக்கில் கீறினார்களாம். கல் வந்ததும் தேங்கியிருந்தது எல்லாம் குபுக்கென்று வெளியே வந்ததைச் சித்தி பஸ்ஸில் எனக்கு மூன்று தடவை சொன்னார், நாக்கு இன்னும் மரத்திருந்ததால் குழறிக் குழறி.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது சித்தியின் மருமகள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எல்லா ஊசியும் போட்டோமே அத்தாச்சி, இது எப்படி வந்துச்சு?" அட்டையைப் பார்த்தேன். ஒன்பதாவது மாதத்தில் எம்ஆர், ஒன்றரை வயசில் எம்ஆர். ஒரு தவணை தவறவில்லை. ஆனால் அந்த ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போட்டார்களே, அதே ஊசி. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி மத்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒன்பதாம் மாதம், பதினைந்தாம் மாதம், நாலிலிருந்து ஆறு வயதுக்குள் என்று மூன்று தவணை பரிந்துரைக்கிறது. காசு கொடுத்துப் போடுகிற வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த நோய் கூடியபோது இந்த ஊசியையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது, பிறகு அடங்கிவிட்டது. அடங்கியிருக்கக் கூடாது.

அமெரிக்காவில் 1963-ல் ஜெரில் லின் என்ற ஐந்து வயசுச் சிறுமிக்குக் கன்னம் வீங்கியது. அவள் அப்பா மாரிஸ் ஹில்லமன் தடுப்பூசி ஆராய்ச்சியாளர். மகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, அந்த வைரஸை வலுவிழக்கச் செய்து, 1967-ல் தடுப்பூசி ஆக்கினார். இன்றைக்கும் உலகில் பல நாடுகளில் போடுவது அந்தச் சிறுமியின் பெயர் தாங்கிய வைரஸ் வகைதான். இரண்டு தவணை போட்டால் நூற்றுக்கு எண்பத்தெட்டு பேர் போலக் காப்பாற்றப்படுகிறார்கள். அந்த மகள் பெயரைச் சுமந்த ஊசி வந்து அறுபது வருஷம் ஆகப் போகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை சங்கிலி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

பிள்ளையின் அப்பாவுக்கு, அதாவது சித்தி மகனான என் தம்பிக்கு, சின்ன வயசில் இது வரவில்லை. மகனோடு ஒரே பாயில் படுத்தவன், முகம் வாடியிருந்தது. வயசுக்கு வந்த ஆண்களுக்கு இது வந்தால், தடுப்பூசி போடாதவர்களில் பத்தில் மூன்று பேருக்கு வரை விரை வீக்கம் வரலாம், பெரும்பாலும் ஒரு பக்கம்தான், பிள்ளைப் பேறே இல்லாமல் போவது அரிது என்று அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இன்னும் இரண்டு மூன்று வாரம் கவனமாக இரு, வீக்கம் தெரிந்தால் வேலைக்குப் போகாதே, வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டு என்றேன். சின்னவளுக்கு ஒன்றரை வயசு. இப்போது ஊசி போட்டால் அண்ணனிடமிருந்து ஏற்கெனவே தொற்றியிருந்தால் தடுக்காது, இனிமேல் வருவதைத் தடுக்கும். குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடலாம் என்று அட்டையில் பென்சிலால் குறித்து வைத்தாள் மருமகள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வீங்கிப் பதினோராவது நாள், கன்னம் பழையபடி ஒட்டியிருந்தது, சங்கிலி பாட்டியிடம் திரும்பியிருந்தது. பத்து நாளுக்கு மேல் காயாத சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு வெடிக்க, கறிவேப்பிலை போட்டு மருமகள் ரசம் தாளித்தாள். புளி ரசம்தான். டாக்டரம்மாவே புளிப்பு சேர்க்கச் சொல்லியிருந்தார். ஊறி ஊறி ஓடினால்தான் குழாய் அடையாது. சித்திக்கு ஆறவைத்து ஊற்றினார்கள். முதல் கவளம் போனது. இரண்டாவது போனது. பழக்கத்தில் இடது கை தாடைக்கடியில் போய்த் தடவிப் பார்த்தது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. தம்பி, மருமகள், நான் எல்லோரும் சாப்பிடாமல் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க? ரசத்த இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் சித்தி.